தஞ்சைச் சரஸ்வதி மகால்: அரசர் கருவூலம் ஊரார் நூல்நிலையமான வரலாறு

விசயதசமி நாளிலே குழந்தைகளுக்கு ஏடு தொடக்குதல் யாழ்ப்பாணத்துச் சைவ மக்களிடை வழிவழியாக நிலவிவரும் வழக்கமாகும். முற்காலத்தில் அந்நாளிற் குழந்தையின் கையில் வைக்கப்பட்டது மஞ்சள் பூசிய பனையோலை ஏடே. ஆசிரியர் எழுதிக் கொடுத்த ஏட்டை மாணவன் படித்துப் பெயர்த்தெழுதிக்கொள்வான். பின்னர் அவனிடமிருந்து மற்றொருவன் பெயர்த்தெழுதுவான். இவ்வாறு கைமாறிக் கைமாறி வந்தமையாலேயே பழந்தமிழ் நூல்கள் இன்று வரை நின்று நிலவுகின்றன. கல்வி கொடுக்கக் குறையாத செல்வம் என்பது எல்லாரும் அறிந்த உண்மை. ஆயின் அக்கல்வியைத் தாங்கிநிற்கும் ஏட்டின் இயல்பு வேறு. செல் அரிக்கும், ஈரம் உளுக்கும், தீ விழுங்கும் பொருள் அது. ஒருவர் பெட்டிக்குள்ளே பூட்டப்பட்டு, பிறர் கண்ணிற் படாது கிடக்கும் ஏடு, கிடந்த இடத்திலேயே மடிந்துபோகும். கல்வி கொடுக்கக் குறையாது. ஏடோ கொடாதிருக்கக் குறையும். இவ்வுண்மையை விளக்கும் வரலாறுகளுள் தஞ்சாவூர்ச் சரஸ்வதி மகால் நூல்நிலையத்தின் வரலாறு தலைசிறந்த ஒன்றாகும்.

தஞ்சை அரண்மனை வளாகத்தினுள்ளே அமைந்திருக்கும் இந்நூல்நிலையம், ஆசியாக் கண்டத்தின் பழைமையான நூல்நிலையங்களுள் ஒன்றாக எண்ணப்படுவது. இங்கே ஓலையிலும் தாளிலும் எழுதப்பெற்ற சுவடிகள் 45,000க்கு மேல் உள்ளன. அவற்றுட் பெரும்பாலன வடமொழிச் சுவடிகள். தமிழ்ச் சுவடிகள் ஏறத்தாழ 3,500. மராத்திச் சுவடிகளும் தெலுங்குச் சுவடிகளும் எஞ்சியவை. இவ்வளவு பெருந்தொகை ஓரிடத்திற் சேர்ந்தமை வியப்புக்குரியதே. எனினும், சேர்த்ததைக் காட்டிலும் வியப்புக்குரியது, அத்தொகை சிதறாமல் மூன்று ஆட்சி மாற்றங்களைக் கடந்து, இறுதியில் எவரும் சென்று படிக்கத்தக்க பொதுச் சொத்தாக ஆனமையேயாகும். அரசர்க்குரிய கருவூலம் எவ்வாறு ஊரார்க்குரிய நூல்நிலையமாயிற்று என்பதை ஆராய்வது, நூல்களைப் பேணும் பொறுப்புடைய எல்லார்க்கும் பயன்றருவதாகும்.

இந்நூல்நிலையத்தின் தோற்றம் தஞ்சை நாயக்கர் காலத்தைச் சார்ந்தது. விசயநகரப் பேரரசின் சார்பில் 16ஆம் நூற்றாண்டிலே தஞ்சையில் ஆட்சி தொடங்கிய நாயக்கர், கலையையும் கல்வியையும் போற்றியவர்கள். அவர்களுள் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட இரகுநாத நாயக்கர் தாமே தெலுங்கிலும் வடமொழியிலும் நூல் செய்தவர். அவர் அவையிலிருந்த இராமபத்திராம்பாள் என்னும் பெண்பாற் புலவர், அரசர் வரலாற்றைப் பொருளாகக் கொண்டு வடமொழியிற் காப்பியமொன்று இயற்றினார். அமைச்சராயிருந்த கோவிந்த தீட்சிதரின் மைந்தர் வேங்கடமகி, விசயராகவ நாயக்கர் காலத்தில் 'சதுர்தண்டிப் பிரகாசிகை' என்னும் இசைநூலை எழுதினார். இன்று கருநாடக இசை பயிலும் மாணவர் ஓதும் 72 மேளகர்த்தா இராகங்களின் அமைப்புமுறை அந்நூலிலே வகுக்கப்பட்டதாகும். அது 20ஆம் நூற்றாண்டிலேயே அச்சேறியது. இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாக அந்நூலைக் காத்து நின்றவை கையெழுத்துச் சுவடிகளே என்பது ஈண்டுக் கருதற்பாலது.

நாயக்கர் காலத்தில் அரண்மனை நூற்றொகுதி 'சரஸ்வதி பண்டாரம்' என வழங்கப்பட்டது. பண்டாரம் என்னுஞ் சொல் கருவூலம் என்று பொருள்படும். பொன்னும் மணியும் வைக்கப்படும் இடத்துக்குரிய பெயரையே நூல் வைக்கப்பட்ட இடத்துக்கும் இட்டனர். நூலைச் செல்வமாக மதித்த பெருமை அப்பெயரிலே தோன்றுகின்றது. அதேவேளையில், அச்செல்வம் அரசர்க்கே உரியது, அவர் அருள் பெற்றோரே அதனை நுகரலாம் என்னும் கருத்தும் அப்பெயரிலே தொக்கி நிற்கின்றது.

1673ஆம் ஆண்டில் மதுரை நாயக்கருடன் நேர்ந்த போரில் விசயராகவ நாயக்கர் மாண்டார். தஞ்சை நாயக்கர் ஆட்சி முடிவுற்றது. சில ஆண்டுகளுள் மராத்திய வீரர் சிவாஜியின் மாற்றாந்தாய் மகனாகிய ஏகோஜி தஞ்சையைக் கைப்பற்றினார். ஓர் அரசு வீழ்ந்து மற்றோர் அரசு எழும்போது பழைய அரண்மனையின் பொருள்கள் சூறையாடப்படுதல் உலகியற்கை. தஞ்சையிலோ புதிய மரபினர் பழைய மரபினரின் நூற்செல்வத்தைத் தமதாக ஏற்று வளர்த்தனர். ஏகோஜியின் மைந்தர் சகஜி (1684-1712) திருவிசைநல்லூரைப் புலவர் நாற்பத்தறுவர்க்குக் கொடையாக வழங்கினார். அவருக்குப் பின்வந்த துளஜா மன்னர் (1728-1736) 'சங்கீத சாராமிர்தம்' என்னும் இசையிலக்கண நூலைத் தாமே எழுதினார். மராத்தியைத் தாய்மொழியாகவும், வடமொழியைச் சாத்திர மொழியாகவும், தெலுங்கை அவைக் கலை மொழியாகவும், தமிழைக் குடிகளின் மொழியாகவும் கொண்டு நடந்த அரசு அது. ஆகவே அதன் நூற்றொகுதியும் நான்கு மொழிக்கும் இடங்கொடுத்தது.

எனினும், இந்நூல்நிலையத்தின் பெயரோடு பிரியாது இணைந்து நிற்பவர் இரண்டாம் சரபோஜி மன்னரே. 1777ஆம் ஆண்டிற் பிறந்த இவர், 1787ஆம் ஆண்டில் இரண்டாம் துளஜா மன்னரால் மகவாக ஏற்றுக்கொள்ளப்பட்டார். மன்னர் விரைவில் இறந்தமையால் அரசுரிமை பற்றிய வழக்கு எழுந்தது; அமரசிங்கர் அரியணை ஏறினார். இளஞ் சரபோஜிக்குக் காவலராய் நின்றவர், தரங்கம்பாடித் தென்மார்க்கு மிசனைச் சேர்ந்தவராய்த் தஞ்சையிற் பணிபுரிந்த சுவார்ச்சு பாதிரியார். அவர் முயற்சியாற் சென்னைக்கு அனுப்பப்பட்ட இளவரசர், அங்கே ஆங்கிலமும் ஐரோப்பியக் கலைகளும் பயின்றார். 1798ஆம் ஆண்டிற் கிழக்கிந்தியக் கம்பனியார் அவரை அரியணையில் அமர்த்தினர். ஆனால் மறுவருடமே, 1799இல், நாட்டின் ஆட்சி முழுவதையும் கம்பனியாருக்கு ஒப்படைக்கும் உடன்படிக்கையில் அவர் கைச்சாத்திட நேர்ந்தது. தஞ்சைக் கோட்டையும் அதனைச் சூழ்ந்த சிறுபகுதியும், ஆண்டுதோறும் கிடைக்கும் உதவிப் பணமுமே அவருக்கு எஞ்சின.

படை நடத்தவோ, வரி தண்டவோ உரிமையிழந்த மன்னர் ஒருவர் தம் வாழ்நாளை எவ்வாறு கழிப்பார்? கேளிக்கையிற் காலம் போக்கிய சிற்றரசர் பலரை அக்கால வரலாறு காட்டுகின்றது. சரபோஜியோ இழந்த நாட்டுக்கு ஈடாக ஓர் அறிவு நாட்டை அமைக்க முற்பட்டார். பண்டிதர்களையும் எழுத்தர்களையும் அமர்த்திச் சுவடிகளைத் தேடிப் பெறுவித்தார். விலைக்குக் கிடைக்காதவற்றைப் பெயர்த்தெழுதுவித்தார். 1820ஆம் ஆண்டிற் பெரும் பரிவாரத்துடன் அவர் தொடங்கிய காசி யாத்திரை, தீர்த்த யாத்திரையாக மட்டுமன்றி நூல் யாத்திரையாகவும் அமைந்தது. வடநாட்டில் வழங்கிய வடமொழிச் சுவடிகள் பல அவ்வழியாகத் தஞ்சை சேர்ந்தன. ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன், இலத்தீன் முதலிய மொழிகளில் அமைந்த அச்சு நூல்களையும் அவர் வாங்கிக் குவித்தார். அவை நாலாயிரத்துக்கு மேற்பட்டவை. 1784ஆம் ஆண்டுப் பதிப்பான ஜோன்சனின் ஆங்கில அகராதியும், மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் ஒப்பிட்டுக் காட்டும் பிரெஞ்சு ஓவியர் இலபிரனின் படங்களும் அத்தொகுதியிலே உள்ளன. அந்நூல்கள் பலவற்றில் மன்னர் தம் பெயரை ஆங்கிலத்திற் கையெழுத்திட்டிருத்தலை இன்றும் காணலாம். வாங்கி அடுக்கியவர் மட்டுமல்லர், எடுத்துப் படித்தவரும் அவரே என்பதற்கு அக்கையெழுத்துக்கள் சான்றாகின்றன.

சரபோஜி தாம் திரட்டிய அறிவைத் தம் அரண்மனைக்குள் அடைத்துவைக்க எண்ணியவரல்லர். 'நவவித்தியா கலாநிதி சாலை' என்னும் கல்விச்சாலையை நிறுவி, பல மொழிகளையும் புதிய கலைகளையும் கற்பிக்க ஏற்பாடு செய்தார். 1805ஆம் ஆண்டளவில் தேவநாகரி எழுத்துக்கள் கொண்ட அச்சுக்கூடம் ஒன்றை அரண்மனையில் அமைத்து, ஈசாப்பின் கதைகளை மராத்தியில் அச்சிடுவித்தார். தன்வந்திரி மகால் என்னும் மருத்துவச்சாலையிலே நாட்டு மருத்துவரும் ஆங்கில மருத்துவ முறை அறிந்தோரும் ஒருங்கே பணிபுரிந்தனர். அங்கே பயன்கண்ட மருந்து முறைகள் 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்னும் பெயராற் தமிழ்ச் செய்யுளிற் தொகுக்கப்பட்டன. கண் நோயாளர்களின் நோய்க் குறிப்புக்கள், அவர்தம் கண்களின் வண்ணப் படங்களுடன் எழுதிவைக்கப்பட்டன. நோயாளியின் நிலையை முறையாகக் குறித்து, படம் வரைந்து, பிற்காலத்தார் பார்க்கும்படி பேணிய அச்செயல், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தென்னிந்திய அரண்மனையில் நிகழ்ந்ததென்பது பெருமைக்குரியதாகும். மன்னர் 1832ஆம் ஆண்டில் மறைந்தார்.

ஆயினும், இவையனைத்தும் ஒரு மனிதரின் பெருந்தன்மையில் நின்றவை. மன்னர் விரும்பியவரையிற் கதவு திறந்திருந்தது. அவர் விரும்பாவிடின், அல்லது அவர் மறைந்தபின், அக்கதவைத் திறந்துவைக்கக் கடமைப்பட்டவர் எவருமிலர். கொடையாளியின் உள்ளத்தை மட்டும் நம்பி நிற்கும் பொதுநலம் அவருடைய ஆயுளளவே நிற்கும். இதன் உண்மை விரைவில் வெளிப்பட்டது.

சரபோஜியின் மைந்தர் சிவாஜி 1855ஆம் ஆண்டில் ஆண்மகவின்றி இறந்தார். தல்கௌசிப் பிரபு ஆள்பதியாயிருந்த காலம் அது. தஞ்சை அரச மரபு அற்றுப்போயிற்றெனக் கம்பனியார் கொண்டனர். அரண்மனையையும் அதிலிருந்த அரசருடைமைகளையும் கைப்பற்றினர். மன்னரின் மூத்த மனைவியாராகிய காமாட்சிபாய் சென்னை உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். மன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சிலுக்குச் சென்றபோது, 1859ஆம் ஆண்டில் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது. கம்பனியார் செய்தது அரசியற் செயல். அதனை நீதிமன்றம் விசாரிக்க இயலாது என்பது அங்கே கொள்ளப்பட்ட முடிபு. பின்னர் அரசாங்கத்தார் இரங்கி, 1862ஆம் ஆண்டில் உடைமைகளை அரச குடும்பத்தார்க்கே மீள அளித்தனர். இவ்வழக்கிலே நூல்நிலையத்தின் நிலை யாதாயிற்று என்பதே சிந்திக்கத் தக்கது. யானையும் குதிரையும், நகையும் பட்டும், நிலமும் சுவடியும் ஒரே கணக்கில் வைத்து எண்ணப்பட்டன. இருநூறு ஆண்டு காலத்துப் புலவர்தம் உழைப்பு ஒருவர்க்குரிய பொருளாக மட்டுமே சட்டத்தின் கண்ணுக்குத் தோன்றிற்று. அதனைப் படிக்கத்தக்கவர் யாவர் என்ற வினா எங்கும் எழவில்லை.

அவ்வினாவை எழுப்புதற்கு முதலில் ஒரு பணி நிகழவேண்டியிருந்தது. உள்ளே யாது இருக்கிறது என்பது தெரியாதவிடத்து, அதனைத் தருக என்று கேட்பவர் எவர்? இப்பணியைச் செய்தவர் தஞ்சை மாவட்ட நீதிபதியாயிருந்த ஆதர் கோக் பேர்ணல் (1840-1882) என்னும் ஆங்கிலேயர். தென்னிந்திய எழுத்துக்களின் வரலாற்றை ஆராய்ந்து 1874ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட அறிஞர் அவர். நீதிமன்றக் கடமைகளோடு, அரண்மனையிற் குவிந்து கிடந்த வடமொழிச் சுவடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொருள்வகையாகப் பகுத்து, 1880ஆம் ஆண்டில் அட்டவணையொன்றை வெளியிட்டார். பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சுவடிகள் அதனுள் அடங்கின. அவ்வட்டவணை வெளிவந்தபின் ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் வடமொழி கற்றோர் தஞ்சைத் தொகுதியின் பரப்பை அறிந்தனர். இரண்டு ஆண்டுகளின் பின் பேர்ணல் நாற்பத்திரண்டு வயதிலேயே காலமானார். அவர் அரண்மனைக்கு ஒரு சுவடியைத்தானும் சேர்த்தவரல்லர். இருந்தவற்றின் பெயரை உலகறியச் செய்தவர். நூல்நிலையத்தின் கதவைத் திறப்பது திறவுகோல் அன்று, பட்டியலே என்பதை அவர் பணி காட்டுகின்றது.

அட்டவணை வெளிவந்த பின்னும் நூற்றொகுதி அரச குடும்பத்தார் உடைமையாகவே பல்லாண்டு இருந்தது. மரபுரிமையாளர் பலரான காலத்தில், பாகப்பிரிவினையால் அது சிதறும் இடர் இருந்தது. குடும்பச் சொத்து பாகம் பிரிக்கப்படும்போது நேர்வது யாதென்பதை ஈழத்தார் நன்கறிவர்: காணி பரப்பாகவும் குழியாகவும் துண்டுபட்டுப்போகும். சுவடிகளும் அவ்வாறே துண்டுபட்டிருப்பின், இன்று தஞ்சைத் தொகுதி என ஒன்றைக் குறிப்பிடுதற்கே இடமிராது. அவ்வாறு நேராமல், 1918ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் அது பொது நூல்நிலையமாக அறிவிக்கப்பட்டது. தஞ்சாவூர் மகாராஜா சரபோஜியின் சரஸ்வதி மகால் நூல்நிலையம் என்பது அதன் பெயராயிற்று. மன்னர் பெயர் நின்றது. மன்னர் உடைமை என்பது நீங்கிற்று. பண்டாரமாகத் தொடங்கியது அன்றே உண்மையில் நூல்நிலையமாயிற்று எனலாம்.

பொதுவுடைமையான ஒன்று மேலும் பெருகும் என்பதற்கும் இந்நூல்நிலையம் சான்றாகின்றது. அரசர் கருவூலமாயிருந்தபோது சுவடிகள் பொருள் கொடுத்தும் ஆளனுப்பியும் பெறப்பட்டன. பொது நூல்நிலையமானபின், தஞ்சையில் வாழ்ந்த கல்விக் குடும்பத்தார் தாமே முன்வந்து தம் வீட்டுச் சுவடிகளைக் கொடுத்தனர். சம்புநாத பட்ட லாண்டகே, காகல்கர், பதங்க அவதூதர் ஆகியோரின் தொகுதிகள் அவ்வாறு வந்தவை. ஊரார்க்குரியது என்னும் நம்பிக்கை பிறந்தவிடத்துக் கொடுக்கும் மனமும் பிறக்கின்றது. தன் பாட்டன் ஏடு மற்றொருவர் பெட்டியிற் போய்ச் சேர்வதை விரும்பாத ஒருவர், அது எல்லாரும் காணும் இடத்திற் சேர்வதை விரும்புவார்.

இக்காலத்திலே பட்டியற் பணி விரிவடைந்தது. பி. பி. எஸ். சாஸ்திரியார் வடமொழிச் சுவடிகளுக்கு விளக்கப் பட்டியல் தொகுத்தார். அது 1928ஆம் ஆண்டு முதலாகப் பத்தொன்பது தொகுதிகளாக வெளிவந்தது. தமிழ்ச் சுவடிகளுக்கு எல். உலகநாத பிள்ளை விளக்கப் பட்டியல் தொகுத்தார். விளக்கப் பட்டியலென்பது பெயர்க்கோவை மட்டுமன்று. சுவடியின் தொடக்கம், முடிவு, ஏடுகளின் அளவு, எழுத்தின் தன்மை, சிதைவு, எழுதியவர் குறிப்பு முதலியவற்றையெல்லாம் அது கூறும். தொலைவிலுள்ள ஆராய்ச்சியாளன் தஞ்சைக்கு வருமுன்னரே தனக்கு வேண்டிய சுவடி இஃதென அறிந்துகொள்ளலாம். வர இயலாதவன் படியெடுப்பித்துப் பெறலாம்.

பட்டியலுக்கு அடுத்த படி பதிப்பாகும். 1939ஆம் ஆண்டிலிருந்து நூல்நிலையம் தன் பெயராற் பருவ இதழொன்றை வெளியிட்டு, அதுவரை அச்சேறாத சிறு நூல்களை அதில் இடம்பெறச் செய்தது. பின்னர் தமிழ், வடமொழி, மராத்தி, தெலுங்கு நூல்கள் நூற்றுக்கணக்கில் தனித்தனியே பதிப்பிக்கப்பட்டன. சரபேந்திர வைத்திய முறைகள் நோய் வகைக்கேற்பப் பல பகுதிகளாக அச்சாயின. அரண்மனைக்குள் எழுந்த மருத்துவ அறிவு நூற்றைம்பது ஆண்டுக்குள் சாதாரண வைத்தியரின் கைக்கு வந்து சேர்ந்தது. சிற்பம், சோதிடம், இசை, நாடகம், சமையல் முதலிய துறைகளிலும் நூல்கள் வெளிவந்தன. மராத்திய அரசின் அன்றாட நடைமுறைகளைக் கூறும் ஆவணங்கள் மோடி என்னும் விரைவெழுத்தில் எழுதப்பட்டவை; அவ்வெழுத்தைப் படிக்கவல்லார் அருகிவிட்டனர். 1981ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் மோடி ஆவணங்கள் பலவற்றைத் தமிழாக்கி வெளியிட்டது. அரண்மனையிற் பணிபுரிந்த தச்சர், வைத்தியர், நட்டுவர் முதலியோர் பெற்ற ஊதியமும், கோயிலுக்கு ஈந்த கொடையும், சந்தையிற் கொண்ட பொருளின் விலையும் அவ்வகை ஆவணங்களாலேயே வெளிப்படுகின்றன. அரசர் வரலாற்றின் ஏடுகளிலிருந்து குடிகளின் வரலாறு மீட்கப்பட்டது என்க.

இவ்விடத்து ஒரு தடை எழுதல் கூடும். பழஞ்சுவடி மெல்லியது, பலர் கைப்படின் விரைவில் அழியும். ஆகவே அதனைக் காக்க வேண்டின் பூட்டி வைத்தலே தக்கது. பகிர்தல் கேட்டுக்கு வழியாகும் என்பது அத்தடை. இது முற்றும் தவறான கருத்தன்று. சுவடியைக் காக்கும் தொழில் பொறுமையும் பயிற்சியும் வேண்டுவது. சரஸ்வதி மகாலிலே வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, கறுவா ஆகியவற்றை இடித்துக் கர்ப்பூரங் கலந்து சிறு துணிப்பைகளிற் கட்டிச் சுவடிகளினிடையே வைத்துப் பூச்சிகளைத் தடுத்து வந்தனர். ஓலைக்கு எண்ணெய் பூசி நெகிழ்ச்சி ஊட்டுதலும், மையிட்டு எழுத்தைத் தெளிவாக்குதலும் பண்டு தொட்டு வரும் முறைகளே. இவையெல்லாம் ஏட்டின் ஆயுளை நீட்டும், ஏட்டைச் சாவாததாக்கமாட்டா. நன்கு பேணப்பட்ட ஓலையும் சில நூற்றாண்டுகளில் ஒடிந்து உதிரும். நூல் அதற்கப்பாலும் வாழ்வதற்கு வழி, மற்றொரு படி எழுதுதலே. முன்னோர் எழுத்தாணி கொண்டு படியெடுத்தனர். பின்னர் அச்சும், நுண்படமும், எண்ணிமப் படமும் அவ்வேலையைச் செய்தன. படி பெருகியபின் மூலச்சுவடியைத் தொடவேண்டியவர் தொகை குறையும். எனவே பகிர்தல் பேணலுக்குப் பகையன்று. முறையாகப் பகிர்தலே பேணலின் முடிவான வழி.

இவ்வுண்மையை ஈழத்தவர் நூலிற் படித்தறிந்தவரல்லர். தம் வாழ்விற் கண்டவர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1885ஆம் ஆண்டிலும், கலித்தொகையை 1887ஆம் ஆண்டிலும் அச்சிட்டார். ஏடுகள் செல்லரித்தும் ஒடிந்தும் மறைந்துகொண்டிருந்த நிலையை அவர்தம் பதிப்புரைகள் உருக்கமாக எடுத்துரைக்கின்றன. வீடு வீடாகவும் மடம் மடமாகவும் ஏடு தேடியவர்களுக்குத் தம் சுவடியை எடுத்துக் கொடுத்த பெயரறியாப் பலரின் ஈகையும் அப்பதிப்புக்களுள் அடங்கியிருக்கின்றது. அவர்கள் கொடுத்தமையாலேயே இன்று அந்நூல்கள் பாடசாலை மாணவர் கையிலும் உள்ளன.

யாழ்ப்பாணப் பொதுநூல்நிலையமும் அத்தகைய பகிர்விலே பிறந்ததாகும். 1933ஆம் ஆண்டிலே க. மு. செல்லப்பா என்னும் அன்பர் தம் இல்லத்திலிருந்த நூல்களை ஊரார்க்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். 1934ஆம் ஆண்டில் நன்மக்கள் கூடி, வாடகை அறையொன்றில் 844 நூல்களுடன் அதனைப் பொதுநிலையமாக்கினர். அடுத்த ஆண்டில் நகர நிருவாகத்திடம் அது ஒப்படைக்கப்பட்டது. 1959ஆம் ஆண்டிற் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. தஞ்சையில் அரசர் தொகுத்ததை ஊரார் பெற்றனர். யாழ்ப்பாணத்தில் ஊராரே தொகுத்து ஊரார்க்களித்தனர். 1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் இரவு அது தீக்கிரையாக்கப்பட்டது. 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. எரிந்த அச்சு நூல்களிற் பலவற்றை, வேறிடங்களிலிருந்த படிகளால், காலப்போக்கில் மீண்டும் பெற முடிந்தது; உள்ளூரிலும் வெளியூரிலுமிருந்து அன்பர்கள் அனுப்பினர். கட்டடமும் மீள எழுந்தது. ஆனால் படியெடுக்கப்படாத ஓலைச்சுவடி எரிந்தவிடத்து, அதனை மீட்டுத்தர எவராலும் இயலவில்லை. எத்தனை பேர் கையில் ஒரு நூல் இருந்ததோ அத்தனைக்கு அது பிழைத்தது; ஒருவர் கையில் மட்டும் இருந்தது ஒருங்கே மறைந்தது. இதனினும் கொடிய பாடமும் தெளிந்த பாடமும் வேறில்லை.

அப்பாடத்தைக் கற்ற தலைமுறையினர் செயலற்றிருக்கவில்லை. 2005ஆம் ஆண்டில் ஈழத்து அன்பர்கள் 'நூலகம்' என்னும் எண்ணிம நூல்நிலையத்தைத் தொடங்கினர். ஈழத்தில் வெளிவந்த நூல்கள், பத்திரிகைகள், மலர்கள் முதலியவற்றைப் படமாக்கி எவரும் இலவசமாகப் படிக்க உதவும் பணி அது. ஓலைச்சுவடிகளைப் படமாக்கும் முயற்சிகளும் ஈழத்தில் நடைபெற்றுள்ளன. தஞ்சையிலே அரசரும், ஆங்கிலேய நீதிபதியும், பண்டிதரும் இருநூறு ஆண்டுகளிற் படிப்படியாகச் செய்த பணியை, இழப்பின் நடுவே நின்ற ஒரு சமூகம் தன் முயற்சியாற் செய்ய முற்பட்டமை இங்கே போற்றத்தக்கது.

எனினும் சமூகத்தின் பணி அமைப்புக்களோடு முடிவதன்று. வைத்தியக் குடும்பங்களின் வாகடச் சுவடிகள், சோதிடர் வீட்டுக் கணித ஏடுகள், கோயிற் கணக்குக்கள், பழைய உறுதிகள், பாடசாலைச் சஞ்சிகைகள் ஆகியவை இன்னும் பல வீடுகளிலே பரணிலும் பெட்டகத்திலும் கிடத்தல் கூடும். ஏட்டைப் பூசையறையில் வைத்துப் பூவிட்டு வணங்கும் பத்தி நன்றே. ஆயின் திறவாது வணங்கப்படும் ஏடு, வணங்கியவாறே இறந்துபோகும். பழுதடைந்த சுவடிகளை ஆடிப் பதினெட்டிலே ஆற்றில் விட்ட வழக்கம் தமிழ்நாட்டிற் சில இடங்களில் இருந்தது. அவ்வாறு எத்துணை நூல்கள் நீரோடு போயின என்பதைக் கணக்கிட ஒருவராலும் முடியாது. சுவடியின் உரிமையை விடவேண்டுமென்பதில்லை. அதில் யாது உள்ளதென அறிந்தோரைக் கொண்டு பட்டியலிடுவித்து, ஒரு படி எடுப்பித்து, அப்படியைப் பொதுவிடத்திற் சேர்த்தாற் போதும்.

நாயக்கரின் பண்டாரமாயிருந்தபோது சரஸ்வதி மகால் அரசரின் அருளால் வாழ்ந்தது. சரபோஜியின் காலத்தில் ஓர் அறிஞரின் ஆர்வத்தால் வளர்ந்தது. 1855ஆம் ஆண்டின்பின் வழக்கினிடையே தத்தளித்தது. பேர்ணலின் பட்டியலால் அறியப்பட்டது. 1918ஆம் ஆண்டில் ஊரார் பொருளாகி உறுதி பெற்றது. சேர்த்தோர் புகழ் பெரிது. ஆயின் சேர்த்ததைப் பிறர்க்குத் திறந்துவைத்தோராலேயே அது நிலைபெற்றது. விசயதசமி நாளில் ஏடு பெறும் குழந்தை, வளர்ந்தபின் அவ்வேட்டை மற்றொரு குழந்தைக்குக் கொடுத்தலே ஏடு தொடக்குதலின் பொருளாகும்.